முருகனின் தாயார் பெயர் என்ன?

சைரன் அலறியபோது இராசமலர் தன்னுடைய ஒன்பது றெஜிபோம் மீன்பெட்டிகளையும் ஐஸ் அறைக் கதவுக்கு முன்னால் இறக்கி வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சாதாரண அலறல் இல்லை அது. தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் நின்ற கொக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பிப் பறந்தன. வாசலில் படுத்திருந்த நாய், எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் இராசமலரின் காலுக்குள் புகுந்தது.

கதவுக்கு மேலிருந்த பச்சை விளக்கு சிவப்பானது. உள்ளே 'டொக்' என்றொரு சத்தம்.

"பிள்ளை தாரிகா! உதென்ன சத்தம்? கள்ளர் ஆரும் வந்திட்டாங்களோ?"

அலுவலக யன்னலில் தாரிகாவின் தலை தெரிந்தது. சங்கத்தின் கணக்கும் கடிதமும் எழுதும் லிகிதர் அவள்தான். "கள்ளர் இல்லை அக்கா. கைலாயம் பூட்டிக்கொண்டுது."

கைலாயம் என்பது ஒரு மென்பொருள். ஐஸுக்கும் அந்த மலைக்கும் உள்ள உறவை யோசித்து, அதை விற்ற கொழும்புக் கொம்பனி வைத்த பெயர். வடகரை ஐஸ் உற்பத்தி விநியோகக் கூட்டுறவுச் சமாசத்தில் யாருக்கு ஐஸ் அறைக் கதவு திறக்கலாம், எப்போது திறக்கலாம் என்பதை மூன்று வருடமாக அதுதான் தீர்மானித்து வந்தது. அதற்கு முன்பு இந்த வேலையை ஜெறோம் என்பவர் ஒரு பூட்டுத் திறப்பை வைத்துக்கொண்டு செய்தார். நவீனமயமாக்கல் வந்ததும் ஜெறோமுக்குப் பொன்னாடை போர்த்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். பழைய கதவையும் திறப்பையும் பழைய இரும்புக்காரன் கொண்டுபோனான்.

புதுக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. இராசமலர் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஐஸ் கட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சவப்பெட்டி அளவு. எல்லாம் வெள்ளையாக, குளிராக, யாருக்கும் உதவாமல் கிடந்தன.

அவளுக்கு அன்றைக்கு ஐஸ் கட்டாயம் வேண்டும். பன்னிரண்டு வருடமாக மீனை அள்ளி அள்ளி இடைத்தரகருக்குக் கொடுத்தவள், முதல்முறையாகக் கொழும்பு ஹோட்டல் ஒன்றுக்கு நேரடியாக அனுப்பப் பேசி முடித்திருந்தாள். ஒன்பது பெட்டி நிறைய அறுக்குளா மீன். அச்சுவேலிச் சந்தியில் லொறி ஒரு மணி வரைக்கும்தான் நிற்கும். லொறிக்காரன் முதல்நாளே சொல்லிவிட்டான்: "ஐஸ் ஒழுங்காப் போட்டிருந்தால் ஏத்துவன். இல்லாட்டி இனிமேல் எனக்குக் கோல் எடுக்காதேங்கோ அக்கா." பருத்தித்துறையில் விடிய ஐந்து மணிக்கே ஐஸ் முடிந்துவிடும். வள்ளத்தில் போட்டு வந்த ஐஸோ பெட்டிகளின் அடியில் தண்ணீராக ஆடியது.

நேரம் ஒன்பதேகால்.

"கொம்பனிக்குக் கோல் அடியன் பிள்ளை."

"நம்பர் தாறன், நீங்கள் அடியுங்கோ அக்கா. கொம்பனியோடை கதைக்கிறதெண்டால் நான் செயலாளரிட்டை எழுத்திலை அனுமதி எடுக்கவேணும். உங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை."

இராசமலர் யன்னலடியில் நின்று, ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு அடித்தாள்.

"வணக்கம், மணமகள் அலங்காரம். ஜெயனி பேசுறேன். கல்யாணமா, சாமத்தியச் சடங்கா?"

"ஐஸ்," என்றாள் இராசமலர்.

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "கைலாயமா?"

"ஓம்."

"அந்தக் கொம்பனிய மூடிட்டுப் போயிட்டாங்க அக்கா. எட்டு மாசமாச்சு. அவங்க நம்பர எனக்குக் குடுத்துட்டாங்க. மொதல்ல ரோங் நம்பர்னு சொல்லிச் சொல்லி வச்சேன். ஒரு நாளைக்குப் பதினஞ்சு கோல் வந்தா நானும் என்ன செய்ய? இப்ப ஒரு கொப்பி போட்டு எழுதி வச்சிருக்கேன். சொல்லுங்க, நிப்பாட்டித் திருப்பிப் போட்டீங்களா?"

"மூண்டு தரம் போட்டது," என்று யன்னலுக்குள்ளிருந்து தாரிகா கத்தினாள்.

"திரையில வர்ற பெட்டி சிவப்பா, மஞ்சளா?"

"சிவப்பு," என்றாள் தாரிகா.

கொப்பி புரளும் சத்தம். "சிவப்புன்னா, மூணு வருசத்துக்கு ஒருக்கா மொதலாம் நம்பர் ஆள், அதான் பிரதான நிர்வாகி, கைலாயத்துக்குள்ள போய் உறுதிப்படுத்தணும். வேற யாராலயும் முடியாது. உங்க மொதலாம் நம்பர் யாரு?"

இராசமலர் யன்னலைப் பார்த்தாள். தாரிகா தொண்டையைச் செருமினாள். "முருகன்."

"சரி, அந்த முருகன் அண்ணனக் கூப்பிடுங்க."

"அவர் வரமாட்டார்."

"வெளிநாடா?"

தாரிகா ஆற்றுப் பக்கம் பார்த்தாள். "இல்லை. பக்கத்திலைதான். கோயிலிலை."

இது நடந்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் கொம்பனிப் பெடியன் வந்து கைலாயத்தைப் பொருத்தியபோது, "முதலாவது ஆளா ஆரைப் போடுறது?" என்று கேட்டான். ஆற்றின் மேற்குக்கரை ஆட்கள் தங்கள் ஆளைப் போடச் சொன்னார்கள். கிழக்குக்கரை ஆட்கள் தங்கள் ஆளைப் போடச் சொன்னார்கள். கதிரைகள் தூக்கப்பட்டன. எங்கள் பக்கத்தில் இரண்டு கட்சி முட்டிக்கொண்டால் மூன்றாவதாகச் சாமியைக் கூப்பிடுவது வழக்கம். முதல் மீனே அவருக்குத்தான், முதல் பெயரும் அவருக்கே இருக்கட்டும் என்று தலைவர் தியாகராசா முன்மொழிந்தார். ஏகமனதாக நிறைவேறியது. பிறந்த தினத்துக்கு வைகாசி விசாகம் போட்டார்கள். தொழில்: காத்தல். தொலைபேசி என்ற இடத்தில் சங்கத்து மேசைத் தொலைபேசியின் இலக்கத்தைக் கொடுத்தார்கள்.

அவருக்குக் கீழே மற்றவர்கள் தகுதிப்படி. இரண்டாவது, போஷகர் நேசையா மாஸ்டர். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவர். "முருகனுக்கு அடுத்ததா இருக்க எனக்கு ஆட்சேபனை இல்லை," என்று அவர் அன்றைக்கே சொன்னார், "ஆனால் எங்கடை போதகருக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ." மூன்றாவது தலைவர். இப்படியே இறங்கி இறங்கி, எல்லா வேலையையும் செய்கிற தாரிகா பதினோராவது. அவளுடைய பதவி, 'பார்வையாளர்'. அவள் கைலாயத்தைப் பார்க்கலாம்.

"முருகன்ரை நம்பருக்கு ஒரு கோட் போயிருக்குதாம்," என்றாள் தாரிகா. மேசைத் தொலைபேசி ஒருதரம் மணியடித்து, ஒரு பெண் இங்கிலீசில் ஏதோ சொல்லி, வைத்துவிட்டாள். திரையில் இப்போது வேறு எழுத்து வந்தது.

*குறியீடு கிடைக்கவில்லையா? பாதுகாப்புக் கேள்விக்கு விடையளிக்கவும். உங்கள் தாயாரின் பெயர் என்ன? மூன்று முயற்சிகள் அனுமதிக்கப்படும்.*

"பார்வதி எண்டு அடி பிள்ளை," என்றாள் இராசமலர்.

"நான் அடிக்கேலாது அக்கா. நான் பதினோராவது."

நிர்வாக சபை கூடியபோது பத்தரை. அவசரக் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னறிவித்தல் வேண்டும் என்று சங்கத்தின் யாப்பு விதிகளில் இருந்தது. செயலாளர் நாகலிங்கம் யாப்பைக் கரைத்துக் குடித்தவர். போன மாதக் கூட்டத்தில் நன்றியுரை சொல்ல மறந்துவிட்டதால் அந்தக் கூட்டம் இன்னும் முடியவில்லை, இது அதன் தொடர்ச்சி என்று அவர் விளக்கினார். எல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்தார்கள். மங்கள விளக்கு ஏற்றப்பட்டது. தேவாரம் பாடப்பட்டது. காலமான உறுப்பினர்களுக்காக ஒரு நிமிட மௌனம். சைரன் கால் மணிக்கொருதரம் அலறும். அந்த நிமிடம் பார்த்து அலறியது. யாரும் அசையவில்லை.

இராசமலர் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். உறுப்பினர் என்றபடியால் அவளுக்கு நிற்கும் உரிமை இருந்தது.

தலைவர் எழுந்தார். வேட்டி, சால்வை, நெற்றியில் திருநீற்றின் மூன்று குறி.

"அன்பார்ந்த உறுப்பினர்களே! இந்தச் சமாசத்திலை தனிமனிதருக்கு இடமில்லை. நான் எண்ட சொல்லை நான் பாவிக்கிறதேயில்லை. நான் தலைவரா வந்த இந்தப் பதினாலு வருசத்திலை, நான் ஒரு நாளாவது 'நான்' எண்டு சொன்னதை நீங்கள் கேட்டிருக்க மாட்டியள். முதலாவது இடத்தை ஆருக்குக் குடுத்தனாங்கள்? ஆண்டவனுக்கு! இண்டைக்கு ஒரு இயந்திரம் ஆண்டவனைப் பாத்துத் தாயார் ஆர் எண்டு கேக்குது. இது எங்களுக்குச் சோதனை இல்லை. இயந்திரத்துக்குத்தான் சோதனை!"

கைதட்டல் எழுந்தது. இராசமலர் வெளியே போய் ஒரு பெட்டியைத் திறந்து அறுக்குளாவின் கண்ணைப் பார்த்தாள். கண் தெளிவாகத்தான் இருந்தது. செவுளைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது. திரும்பி வந்தாள்.

"ஐயா, ஒரு கோடாலியாலை அந்தக் கதவுக்கு ஒண்டு போட்டால் என்ன?"

சபை அதிர்ந்தது. "தங்கச்சி, அந்தக் கதவு கனடாவிலை இருக்கிற எங்கடை ஆக்களின்ரை சங்கம் அன்பளிப்புச் செய்தது," என்றார் நாகலிங்கம். "பேர்ப்பலகை அடிச்சிருக்கு, பாக்கேல்லையே? அதை உடைக்கிறதெண்டால் அவையின்ரை பொதுச்சபை ஒத்துக்கொள்ளவேணும். அவை ஆடி மாதம் பூங்காவிலை கோழி வாட்டேக்கைதான் கூடுவினம்."

"அப்ப மாஸ்டர் இரண்டாவது ஆள்தானே? அவர் ஒண்டும் செய்யேலாதோ?"

நேசையா மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் விசாரிச்சுப் பாத்தன் பிள்ளை. இரண்டாவது ஆளுக்கு ஒரு அதிகாரம் இருக்கு. முதலாவது ஆளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பலாம்."

விவாதம் தொடங்கியது. பார்வதிதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார்கள் மேற்குக்கரையார். கிழக்குக்கரைப் பிரதிநிதி சுரேஸ் துள்ளி எழும்பினார். "நெற்றிக்கண்ணிலை இருந்து பொறி வந்தது. சரவணப் பொய்கையிலை விழுந்தது. பால் குடுத்து வளத்தது ஆர்? கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர்! உங்கடை கரையிலை பெத்துப்போட்டுப் போறவையைத்தான் தாய் எண்டு சொல்லுறதோ?"

"எங்கடை கரையைப் பற்றிக் கதைக்காதை!"

"கங்கையையும் சேர்க்கவேணும்," என்று ஒரு குரல். "பொறியைச் சுமந்தது அவள்தானே?"

"அப்ப எட்டுத் தாய்," என்று மாஸ்டர் கூட்டிச் சொன்னார். "முயற்சி மூண்டு."

வாக்கெடுப்பில் ஐந்துக்கு ஐந்து. தலைவர் தீர்ப்பு வாக்கைப் போடவில்லை. சால்வையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, தான் நடுநிலை என்றார். கடைசியில் மேற்குக்கரைக்கு ஒரு முயற்சி, கிழக்குக்கரைக்கு ஒரு முயற்சி என்று சமமாகப் பங்கிடப்பட்டது. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்கள் கூட்டறிக்கையில் ஏறின. தாரிகாவுக்கு விசைப்பலகையைத் தொட எழுத்தில் அனுமதி வழங்கப்பட்டது.

பதினொன்றரைக்கு 'பார்வதி' என்று அடித்தாள். *விடை தவறானது.* கிழக்குக்கரையார் கைதட்டினார்கள்.

பதினொன்று நாற்பதுக்கு 'கார்த்திகைப் பெண்கள்' என்று அடித்தாள். *விடை தவறானது. ஒரு முயற்சி மீதம் உள்ளது. தவறினால் கதவு இருபத்தொரு நாட்களுக்குப் பூட்டப்படும்.* மேற்குக்கரையார் கைதட்டினார்கள்.

மூன்றாவது முயற்சியை எந்தக் கரைக்குக் கொடுப்பதென்று பிரச்சினை வந்தபோது தலைவர் மறுபடி எழுந்தார். சால்வை மறுபடி கழுத்துக்குப் போனது. "அவசரப்படக்கூடாது. மூண்டு பண்டிதர், இரண்டு குருக்கள், ஒரு பேராசிரியர் கொண்ட ஆராய்ச்சிக் குழு ஒண்டை அமைப்பம். ஆறு கிழமையிலை அறிக்கை வரட்டும்."

"ஆறு கிழமைக்கு என்ரை மீன் நிக்குமோ ஐயா?"

தலைவர் அவளைக் கருணையோடு பார்த்தார். "மீன் அழியும் தங்கச்சி. தீர்மானம் அழியாது."

"வள்ளக்காரர் நாலு பேர் என்னை நம்பித்தான் மீனைத் தந்தவை. லொறி ஒரு மணிக்கு வெளிக்கிடும். பேந்து நான் அவையின்ரை முகத்தை எப்பிடிப் பாக்கிறது?"

நாகலிங்கம் அந்தக் கேள்வியை 'ஏனைய விடயங்கள்' என்பதன் கீழ் எழுதினார்.

பிறகு தலைவர் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். எல்லோரும் பத்து நிமிடம் வெளியே போகவேண்டும். அவர் கணினியோடு தனியே இருக்கவேண்டும். தியானம் செய்யப்போகிறார். சபை பக்தியோடு வெளியே போனது. கதவு சாத்தப்பட்டது. யன்னல் சாத்தப்படவில்லை, அது சாத்த முடியாத யன்னல். இராசமலர் எட்டிப் பார்த்தாள்.

தலைவர் தியானம் செய்யவில்லை. ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு, விசைப்பலகைக்கு மேலே குனிந்து, கோழி குப்பையைப் பார்ப்பதுபோல் எழுத்துத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு விசையை அழுத்தினார். என்னவோ வந்தது. பதறிப்போய் அழித்தார். மறுபடி தேடினார். பத்து நிமிடத்துக்குப் பிறகு வியர்வை ஒழுக வெளியே வந்தார்.

"முருகன் இன்னும் மனம் இரங்கேல்லை," என்றார்.

இராசமலருக்கு ஏதோ இடறியது. எழுத்துத் தேடுகிறவனுக்கு என்ன எழுதுவதென்று முதலில் தெரிந்திருக்க வேண்டுமே? தென்னைமரத்தடிக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தாள். பன்னிரண்டு பத்து.

"தங்கச்சி, மணப்பெண் ஆரும் நிக்கினமோ? கரைச்சல் குடுக்கிறனோ?"

"ஒரு பொண்ணு இருக்கா. கண் மை காயுது. சொல்லுங்க அக்கா, முருகன் வந்தாரா?"

"தாயின்ரை பேர் கேக்குது. இரண்டு தரம் பிழைச்சுப்போச்சு. இன்னும் ஒண்டுதான் இருக்கு."

"அட கடவுளே, மொதல்லயே கேட்டிருக்கலாமே." கொப்பி புரண்டது. "இது அடிக்கடி வர்ற கேஸ். மட்டக்களப்பு பக்கம் ஒரு பால் சங்கம், மொதலாம் நம்பர் பிள்ளையார். வவுனியா பக்கம் ஒரு அரிசி மில், அம்மன். அம்மனுக்கு யாரக்கா அம்மா? அங்க மூணு நாள் சண்டை. கடைசில எல்லா இடத்துலயும் ஒரே விடைதான். அங்க சங்கத் தலைவர் யாரு?"

"தியாகராசா ஐயா."

"அவரோட அம்மா பேரப் போட்டுப் பாருங்க. சாமி பேரு எல்லாருக்கும் முன்னால போடுவாங்க. இந்தக் கேள்வி வரும்போது தலைவர் குனிஞ்சு கொம்பனிப் பையனோட காதுக்குள்ள சொல்லுவாராம். சரி அக்கா, வைக்கட்டா? மை காஞ்சுட்டுது."

இராசமலர் நேரே சபை நடுவுக்கு வந்தாள். ஆராய்ச்சிக் குழுவின் தேநீர்ச் செலவைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"தலைவர், உங்கடை அம்மான்ரை பேர் என்ன?"

தலைவர் நிமிர்ந்தார். "கண்மூடின என்ரை தாயை ஏன் இதுக்குள்ளை இழுக்கிறாய்?"

"நான் இழுக்கேல்லை ஐயா. கைலாயம்தான் கேக்குது."

"இது சபைக்கு அவமரியாதை!" என்றார் நாகலிங்கம், யாப்பைத் திறந்தபடி.

"மரியாதையைப் பேந்து பாப்பம் அண்ணை. ஐயா, வெளியிலை என்ரை மீனின்ரை கண் மங்குது. பிழைச்சால் இருபத்தொரு நாளைக்கு இந்தக் கரையிலை ஒருத்தருக்கும் ஐஸ் இல்லை. உங்களுக்குச் சரியெண்டு தெரிஞ்ச பேரைச் சொல்லுங்கோ. தெரியாதெண்டால், தெரியாதெண்டு முருகனறியச் சொல்லுங்கோ."

சைரன் அலறி ஓய்ந்தது. தலைவர் சபையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். சுவரில் தொங்கிய முருகன் படத்தைப் பார்க்கவில்லை. மெதுவாக நடந்து போய், தாரிகாவின் காதுக்குள் குனிந்து, ஏதோ சொன்னார்.

தாரிகா ஒரு தரம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அடித்தாள்.

'டொக்.' சிவப்பு விளக்கு பச்சையானது. வாசலில் நின்றவர்கள் பாய்ந்து போய்க் கதவை இழுத்தார்கள். வெண்புகையாகக் குளிர் வெளியே வந்து எல்லோருடைய காலையும் நனைத்தது. இராசமலர் முதலாவது ஐஸ் கட்டியை உடைத்துச் சாக்கில் போட்டு உலக்கையால் இடிக்கும் சத்தம் கேட்டது. ஏழு பெட்டி தப்பியது. வெயில்பட நின்ற இரண்டு பெட்டியைக் கருவாட்டுக்கென்று ஒதுக்கிவிட்டு, ஓட்டோக்காரனைக் கூப்பிட்டாள். பன்னிரண்டு முப்பத்தைந்து. அச்சுவேலிச் சந்திக்குப் பத்து நிமிட ஓட்டம்தான்.

உள்ளே நேசையா மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டப் போய், அதில் இன்னும் அழியாமல் நின்ற பெயரை வாய்விட்டு வாசித்தார்.

"பொன்னாச்சி... எட, உது எங்கடை பொன்னாச்சி அக்கா எல்லோ! தியாகு, உன்னைப் பெத்த கோச்சி!"

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு முன்மொழிவும் வழிமொழிவும் தேவைப்பட்டன போலும். ஐஸ் பெட்டியைத் தூக்க வந்த இராசமலர் மட்டும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாகலிங்கம் கூட்டறிக்கைக் கொப்பியைத் திறந்து, பேனையின் மூடியைக் கழற்றினார். அவருக்கு ஒரு நடைமுறைப் பிரச்சினை இருந்தது. "தலைவர், பிரதான நிர்வாகியா உள்ளுக்குப் போனது ஆர் எண்டு எழுதுறது?"

தலைவர் சால்வையை எடுத்து உதறித் தோளில் போட்டார்.

"உதென்ன கேள்வி நாகலிங்கம்? முருகப்பெருமான் எண்டு எழுதும். கையெழுத்தை நான் வைக்கிறன்."